சென்னைக்கு வருகிறீர்களா? என்னைக் கேட்காதீர்கள்

எங்கள் சொந்தபந்தத்தில் எனக்கு ஒரு பதவி உண்டு. யாரும் நியமிக்கவில்லை, சம்பளமும் கிடையாது. ஆனாலும் சென்னைக்கு ரயிலோ பஸ்ஸோ ஏறுகிற எவரும் முதலில் எனக்குத்தான் போன் போடுவார்கள். எங்கே இறங்குவது, எதில் போவது, கடலில் குளிக்கலாமா, குடை வேண்டுமா என்று கேட்பார்கள். நானும் மூச்சு விடும் நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லிவிடுவேன். இந்த ஊர் மெட்ராஸாக இருந்தபோதே வந்து மேற்கு மாம்பலத்தில் குடியேறியவன் நான். 1996-ல் பெயர் மாறியபோது விலாசத்தில் ஊர்ப் பெயரை மாற்றி எழுதப் பழகிக்கொண்டேன். தலைக்குள் இருந்த வரைபடத்தை மட்டும் தொடவில்லை. நான் வாங்கிய அவமானங்களுக்கெல்லாம் அந்த வரைபடம்தான் காரணம் என்பது என் மனைவியின் கட்சி. நான் மறுத்துப் பேசுவதில்லை. சாட்சிகள் எல்லாம் அவள் பக்கம்.

முதல் சாட்சி கும்பகோணத்துச் சித்தப்பா. எழுபத்தைந்தைத் தாண்டியவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு செக்கப்புக்காக 2024 மாசியில் கிளம்பினார். "சித்தப்பா, நேரா கோயம்பேடு வந்துடுங்க. பஸ் ஸ்டாண்டு வாசல்லயே மெட்ரோ. நான் ஃபிளாஸ்க்கோட நிக்கறேன்" என்றேன். இதில் வேடிக்கை என்னவென்றால், வெளியூர் பஸ்கள் இடம் மாறிய செய்தி எனக்கு நன்றாகவே தெரியும். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தை 2023 டிசம்பர் 30-ம் தேதி திறந்ததைப் பேப்பரில் படித்தேன், டிவியில் பார்த்தேன். ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தது சரியா தப்பா என்று டீக்கடையில் நின்று வாதாடியும் இருக்கிறேன். இருந்தும் போனைக் காதில் வைத்ததும் வாய் கோயம்பேடு என்றது. 2002-ல் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்கு மாற்றியபோதும் இதே வாய் கொஞ்ச காலம் பாரிமுனை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

விடிகாலை நாலரை மணிக்குக் கோயம்பேட்டில் நின்றேன். சித்தப்பா போனை எடுக்கவில்லை. பஸ் ஏறியதும் செல்போனை அணைத்துப் பையின் அடியில், துண்டுக்குக் கீழே வைக்கிற தலைமுறை அது. ஆறரை மணிக்கு வயிற்றில் புளி கரைய வீடு திரும்பினால், அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து என் டம்ளரில் காபி குடித்தபடி என் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"எங்கடா போயிட்டே காலங்கார்த்தால?"

கிளாம்பாக்கத்தில் இறங்கி, பக்கத்தில் நின்ற யாரையோ கேட்டு, மாநகரப் பஸ் பிடித்துத் தி.நகர் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் வந்திருக்கிறார். "ரொம்ப வசதியா கட்டியிருக்கான்டா. நீ பார்த்ததில்லையா?" என்று வேறு கேட்டார். ஃபிளாஸ்க் காபியை நானே குடித்தேன். அது இன்னமும் சூடாக இருந்ததுதான் எரிச்சல்.

ஆகவே தெற்கிலிருந்து அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்குச் சித்தப்பாவின் அனுபவத்தை என் அறிவுரையாகச் சொல்லிவிடுகிறேன். கிளாம்பாக்கத்திலிருந்து எழும்பூர் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மாநகரப் பஸ் உள்ளேயே கிடைக்கும். சுமை அதிகம் இல்லையென்றால் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய் மின்சார ரயிலைப் பிடித்தால் தாம்பரம், கிண்டி, மாம்பலம், எழும்பூர் என்று நெரிசலில் சிக்காமல் வரலாம். மெட்ரோவில்தான் போவேன் என்பவர்கள் விமான நிலையம் வரை வந்தாக வேண்டும். வீட்டுக்காரர் யாராவது "நான் வந்து நிக்கறேன்" என்றால், எங்கே என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

சகலை விஷயம் இன்னும் மோசம். ஒரே மாமனாருக்கு வாய்த்த இரண்டு மாப்பிள்ளைகளுக்கு நடுவில் எப்போதும் ஒரு தராசு தொங்கிக்கொண்டிருக்கும் என்பதை மணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் சகலைக்கு மும்பை, மாதுங்கா. ஜுஹூ கடற்கரையையும் மெரைன் டிரைவையும் ஏதோ அவரே காசு போட்டுக் கட்டியதுபோலப் பேசுவார். அவர் குடும்பத்தோடு வந்து தாம்பரத்தில் ஒரு உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். மெரினாவைக் காட்டி அவர் வாயை அடைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். "சகலை, தாம்பரத்துல எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி நேரா பீச்சுக்கு வந்துடுங்க. நான் ஆபீஸ் முடிச்சு வந்துடறேன்" என்றேன்.

அவர் நான் சொன்னதை அப்படியே கேட்டதுதான் பிசகு. தாம்பரத்தில் நிற்கும் ரயிலின் நெற்றியிலேயே சென்னை கடற்கரை என்று எழுதியிருக்கும். 1931-ல் இந்த ஊரில் முதன்முதலாக மின்சார ரயில் ஓடியதும் இதே கடற்கரை–தாம்பரம் தடத்தில்தான். சகலை கடைசி ஸ்டேஷன் வரை வந்து, குழந்தைகள் கையில் பந்தும் வாளியுமாக இறங்கி வெளியே வந்தார். எதிரே ராஜாஜி சாலை, அதைத் தாண்டித் துறைமுகத்து மதில், லாரிகள். பக்கத்தில் செக்கச்செவேலென்று தலைமைத் தபால் நிலையம். மணல் ஒரு கைப்பிடிகூட இல்லை.

போன் வந்தது. "சகலை, கடல் எங்க?"

"அங்கதான் இருந்துச்சு சகலை."

"எப்போ?"

"ஒரு நூத்தம்பது வருஷம் முன்னாடி."

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. துறைமுகம் கட்டுவதற்கு முன் அலை அந்தப் பக்கத்துத் தெரு வரைக்கும் வந்துபோனது. இந்தக் கரையோரம் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் துறைமுகச் சுவரைக் கடலுக்குள் நீட்டியதும் அந்த மணல் தெற்குப் பக்கம் தடைபட்டுக் குவிந்தது. மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் வரத்து குறைந்து கடல் கரையை அரித்தது. இதையெல்லாம் நான் போனிலேயே விளக்க ஆரம்பித்தேன். எதிர்முனையில் ஒரு குழந்தை அழுதது. உடனே வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் மாறி ஏறி, சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்குங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் மெரினாவின் தென்கோடி, சேப்பாக்கத்தில் இறங்கினால் வடபகுதி. நான் அதைச் சொல்லவில்லை. "பக்கம்தான் சகலை, நடந்தே வந்துடலாம்" என்றேன். பக்கம் என்பது குழந்தைகளோடு மூன்று கிலோமீட்டருக்கு மேல்.

அவர்கள் நடக்கவில்லை. பசித்த பிள்ளைகளோடு எதிர்ச் சந்தில் நுழைந்து, செகண்ட் லைன் பீச் ரோட்டில் வரிசையாக நிற்கும் பர்மா கடைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த கை அது: அத்தோ, மொய்ங்கா, வயிற்றைக் கீறி வறுத்த வெங்காயம் அடைத்த முட்டை. தடித்த நூடுல்ஸில் கோஸும் புளித்தண்ணீரும் பூண்டு எண்ணெயும் விட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடக் குடிக்க வாழைத்தண்டு சூப். சகலை இன்று வரை சென்னையைப் பற்றி நல்லதாகச் சொல்லும் ஒரே விஷயம் இதுதான். அந்தக் கடைகளில் நான் அதுவரை சாப்பிட்டதே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. "அதுக்காகத்தான் உங்களை அந்த ஸ்டேஷன்ல இறங்கச் சொன்னேன்" என்றேன். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு வாரத்துச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருவழியாக ஆட்டோ பிடித்து மெரினா வந்து சேர்ந்தார்கள். சகலை பையிலிருந்து பெரிய கேமராவை எடுத்து, மூன்றுகால் ஸ்டாண்டை மணலில் ஊன்றி, கடலைப் பார்த்துத் திருப்பினார். "சன்செட் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

கடிகாரத்தைப் பார்த்து, "ஆறே கால்" என்றேன்.

கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லும் வியாதி இது. நேரம் சரிதான், திசையை நான் யோசிக்கவில்லை. அரபிக் கடல் ஊரில் வாழ்கிறவர் கடலைப் பார்த்து நின்றால் நானும் கடலைப் பார்த்து நின்றேன். ஆறு மணி ஆயிற்று, ஆறே கால் ஆயிற்று. வங்காள விரிகுடா சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்தது. "கொஞ்சம் மேகமா இருக்கு போல" என்றேன். சுண்டல் தூக்கில் கையை விட்டபடி நின்ற பையன்தான் கடைசியில் இரக்கப்பட்டு, "சார், சூரியன் பின்னாடி போயிடுச்சு" என்றான். திரும்பிப் பார்த்தால் காமராஜர் சாலைக்கு அந்தப் பக்கம், செனட் ஹவுஸின் கோபுரங்களுக்குப் பின்னால் வானம் தீப்பிடித்தாற்போலச் சிவந்து, அதுவும் அணைந்துகொண்டிருந்தது.

அந்தக் கடைசி இரண்டு நிமிடச் சிவப்பைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. மெரினாவில் சூரியன் மறைவதைப் பார்க்க விரும்புகிறவர் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். 1870-களில் சிஷோம் கட்டிய அந்தச் செங்கல் கோபுரங்கள் கறுப்பு நிழலாகத் தெரிவதைவிட நல்ல படம் இந்த ஊரில் மாலையில் கிடைக்காது. கடலைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் பௌர்ணமிக்கு வாருங்கள், அங்கே நிலா எழும்பும். சூரியன் வேண்டுமென்றால் காலையில் ஆறு மணிக்கு முன்பே போக வேண்டும். "நாளைக்குக் காலைல நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன் சகலை" என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாள் ஏழரைக்குக் கண் விழித்தபோது வாட்ஸப்பில் சூரியோதயப் படங்கள் வந்திருந்தன. குடும்பக் குழுவில் போட்டிருந்தார். கீழே ஒரு வரி: "மேப் பார்த்து வந்தேன்."

மும்பைக்காரர்களைச் சமாளித்துவிடலாம், குழந்தைகளை முடியாது. பள்ளி விடுமுறையில் அக்கா தன் பேத்திகளோடு வந்தாள். "வண்டலூர் போலாம், புலி பாக்கலாம்" என்று அவர்களுக்கு ஆசை காட்டி, காலையிலேயே புளியோதரை கட்டி, மாம்பலத்தில் ரயிலேறி, வண்டலூரில் இறங்கி வாசலுக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. "பரவாயில்ல, கிண்டியில சின்ன ஜூ இருக்கு" என்று திரும்ப ரயிலேறிக் கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். அதற்கும் செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை. பக்கத்திலேயே பாம்புப் பண்ணை, அதற்கும் செவ்வாய். செவ்வாயோ வெறும் வாயோ என்று பெரியவர்கள் சொன்னது இந்த ஊர் மிருகங்களை மனதில் வைத்துத்தான் போலிருக்கிறது. பெரியவள், ஏழு வயது, "தாத்தா, நாம புலியைப் பாக்க வந்தோமா, கதவைப் பாக்க வந்தோமா?" என்றாள். புளியோதரையைக் கிண்டி பிளாட்பாரத்தில் சாப்பிட்டோம்.

இதில் பாடம் எளிது, ஆனால் நான் அதையும் பாதிதான் கற்றேன். செவ்வாய்க்கிழமை முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கும் விடுமுறை. முதலைப் பண்ணைக்குத் திங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி; கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி. இந்தப் பட்டியலை ஒரு காகிதத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஒட்டிய அதே வாரத்தில் ஒரு விருந்தாளியைக் கபாலீஸ்வரர் கோயிலுக்கு நண்பகல் பன்னிரண்டரைக்கு அழைத்துப்போனேன். நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். இது என் காகிதத்தில் இல்லை. தினமும் சாமி கும்பிடுகிற வீட்டில் வளர்ந்தவனுக்குக் கோயில் நேரத்தைப் போய் எழுதிவைப்பார்களா என்ன?

தி.நகர் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது நடந்தது என் வீட்டு வாசலில் என்று சொல்லும்படியான தூரத்தில். மனைவியின் அக்காவைத் தீபாவளி நெருக்கத்தில் ரங்கநாதன் தெருவுக்குள் அழைத்துப்போய், பையை முன்னால் பிடிப்பது எப்படி, முழங்கையை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒரு வகுப்பே எடுத்து, அரை மணி நேரம் பிழிந்து வெளியே கொண்டுவந்தேன். அவர் தலையை நிமிர்த்தி, "மேல என்ன பாலம்?" என்றார். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாலம். அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல், எஸ்கலேட்டரும் லிஃப்டும் உண்டு. மேலே ஒரு பெரியவர் சாவகாசமாக கைவீசி நடந்துகொண்டிருந்தார். திறந்த நாளிலிருந்து அதன் அடியில் எத்தனையோ தடவை போய்வந்திருக்கிறேன்.

ஆட்டோ பேரத்தில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்ததும் போயிற்று. 2013-ல் அரசாங்கம் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 என்பதை மனப்பாடமாக ஒப்பிப்பேன். ஒப்பித்து என்ன பயன், அதைக் கேட்டுச் சிரிக்காத டிரைவரை நான் சந்தித்ததில்லை. ஒருமுறை விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, 250 கேட்டவரிடம் வியர்க்க வியர்க்க வாதாடி 180-க்கு இறக்கினேன். வெற்றிப் புன்னகையோடு திரும்பினேன். அக்கா மகன் செல்போனை நீட்டி, "மாமா, ஆப்ல 140 காட்டுது" என்றான். வெளியூர்க்காரர்கள் ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் மெட்ரோவில் ஏறிவிடுங்கள். கியூஆர் சீட்டு எடுத்தால் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. இதுவும் அவன் சொன்னதுதான்.

வெயிலைப் பற்றியாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? குன்னூர் நண்பர் குடும்பத்தோடு வர நாள் கேட்டார். "கத்திரி மே 28 சுமாருக்கு முடிஞ்சுடும். அதுக்கப்புறம் வாங்க, தணிஞ்சிருக்கும்" என்றேன். பஞ்சாங்கத்தில் முடிகிற கத்திரி வானத்தில் முடிவதில்லை. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவான உச்ச வெப்பம் 45 டிகிரி. அது பதிவான நாள் 2003 மே 31. அதாவது கத்திரி முடிந்த பிறகு. அந்த நாளில் இதே ஊரில் நான் இருந்து வெந்தவன். அப்படியும் மறந்தேன்.

இந்த ஊரில் வெயிலைத் தணிப்பது தேதி இல்லை, கடல்காற்று. நிலம் கடலைவிட வேகமாகச் சூடாவதால் நண்பகலுக்கு மேல் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். வந்ததும் வெப்பம் சட்டென்று இறங்கும். மேற்கிலிருந்து அனல்காற்று பலமாக வீசும் நாட்களில் அது கடல்காற்றைக் கரையிலேயே நிறுத்திவைக்கும். கடல்காற்று இரண்டு மணிக்கும் வராது, மூன்று மணிக்கும் வராது. அந்த நாட்களில்தான் 40-ஐத் தாண்டுகிறது. குன்னூர் நண்பரை அப்படி ஒரு நாளில், காலை பதினோரு மணிக்கு மாமல்லபுரத்தில் இறக்கினேன். "கடலோரம், குளுகுளுன்னு இருக்கும்" என்று வேறு சொல்லியிருந்தேன். பையன் வெண்ணெய் உருண்டைப் பாறைச் சரிவில் சறுக்க உட்கார்ந்து, உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான். நண்பரின் மனைவி எதுவுமே பேசவில்லை. மலைக்காரர்கள் கோபத்தை அப்படித்தான் காட்டுவார்கள் என்று பிறகு தெரிந்தது.

காலை ஆறு மணிக்கே சின்னங்களைத் திறந்துவிடுகிறார்கள். ஐந்து மணிக்குக் கிளம்பிப் போய் ஒன்பதுக்குள் பார்த்துவிட்டு, நுங்கோ இளநீரோ குடித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். இன்னொன்று: கடற்கரைக் கோயிலில் வாங்கும் அதே சீட்டு அன்றைக்கே ஐந்து ரதங்களுக்கும் செல்லும். அதைத் தூக்கி எறியக் கூடாது. குப்பையைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்று குன்னூர்க்காரர்களுக்கு முன்னுதாரணமாக, எல்லோருடைய சீட்டையும் வாங்கி நானே தொட்டியில் போட்டேன். ரதங்களின் வாசலில் மறுபடி எல்லோருக்கும் வாங்கினேன்.

குளிர் பற்றியும் ஒரு வார்த்தை. மார்கழியில் 20 டிகிரிக்கு இறங்கினாலே நான் ஸ்வெட்டரும் மங்கி கேப்புமாகத்தான் பால் வாங்கப் போவேன். அதே தெருவில் டெல்லியிலிருந்து கச்சேரி கேட்க வந்தவர்கள் அரைக்கைச் சட்டையில் ஃபேன் ஓடுமா என்று கேட்கிறார்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வாருங்கள். என்னிடம் உடை பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

மழையா? வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை இருக்கும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த மாதங்களில்தான். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் பகலெல்லாம் காய்ந்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு இடியோடு கொட்டும் என்பது எனக்கும் தெரியும், தெரிந்தும் "இப்ப எதுக்குக் குடை?" என்று விருந்தாளியின் கையிலிருந்ததை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவன் நான். நவம்பரில் ஒரு மழை நாளில் அரங்கநாதன் சுரங்கப்பாதையில் "முட்டிக்கும் கீழதான் தண்ணி" என்று காரை விடச் சொன்னதைப் பற்றி எழுத வேண்டாம் என்று மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். கார் அவளுடைய தம்பியுடையது.

கடலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் விளையாட்டை விட்டுவிடுகிறேன். மெரினாவில் குளிக்கத் தடை இருக்கிறது, அது சும்மா போட்ட தடை இல்லை. கரை சட்டென்று சரிந்து ஆழமாகிவிடும். திரும்பும் அலை காலுக்கடியில் மணலை உருவிக்கொண்டே போகும். நீச்சல் தெரிந்த இளைஞர்களே போயிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து நண்பர்களாக வருகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கணுக்கால் நனைய நின்றால் போதும். இதை நான் சொல்லும்போது வீட்டில் யாரும் சிரிப்பதில்லை, ஒரே ஒரு சந்தர்ப்பம் தவிர.

அது மாமியார் வந்தபோது. தை அமாவாசைக்குக் கடலில் கால் நனைக்க வேண்டும் என்றார், முழங்கால் வலி. "அத்தை, மெதுவா நடந்தா போயிடலாம்" என்று கையைப் பிடித்து மணலில் இறக்கினேன். மெரினா மணலின் அகலம் நடக்கும்போதுதான் தெரியும், அதுவும் மாமியாரின் முழங்காலோடு நடக்கும்போது. நின்று, உட்கார்ந்து, என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, ஒருவழியாகத் தண்ணீருக்கு வந்தார். அலையோரம் நின்று, "கணுக்காலுக்கு மேல போகக் கூடாது, அலை இழுத்துடும்" என்று எல்லோருக்கும் கையை ஆட்டி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன், கடலுக்கு முதுகைக் காட்டி. பின்னாலிருந்து வந்த அலை என் இடது செருப்பையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டது. மாமியார் அன்றைக்குத்தான் முதல்முறையாக என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார்.

ஒற்றைச் செருப்போடு, எல்லாம் மங்கலாகத் தெரிய, திரும்பி வரும்போது விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலுக்கு மேல் ஏதோ நீளமாகத் தெரிந்தது. "அது என்ன?" என்றேன். மரப்பாதை. மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் சக்கர நாற்காலியிலேயே கடல் பக்கம் போவதற்காக 2022-ல் போட்டது. போட்ட கையோடு மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "நீங்கதான் எல்லாம் தெரியும்னு முன்னாடி நடந்தீங்களே" என்றாள். மாமியார் அந்தப் பலகைமேல் ஏறி, திரும்பவும் ஒருமுறை கடல்வரை போய்வந்தார், சும்மா.

இப்போது போன்கள் குறைந்துவிட்டன. சொந்தக்காரர்கள் அக்கா மகனைக் கேட்கிறார்கள், அவன் போனைப் பார்த்துச் சொல்கிறான். வீட்டில் கேன் தண்ணீர் போதுமா, மாடியில் பாய் விரிக்கலாமா, கொசுவர்த்தி வாங்கிவரவா போன்ற விஷயங்களுக்கு மட்டும் என்னிடம் வருகிறார்கள். போன வாரம் வேலூரிலிருந்து பழைய நண்பர் ஒருவர், விவரம் தெரியாமல், நேராக என்னையே கூப்பிட்டுவிட்டார். சென்னைக்கு வருகிறாராம், எங்கே இறங்குவது என்று கேட்டார். கோயம்பேடு என்று நுனி நாக்குக்கு வந்துவிட்டது. கிளாம்பாக்கம் தெற்கத்தி பஸ்களுக்கு, மாதவரம் ஆந்திரா பக்கத்துக்கு, மேற்கே குத்தம்பாக்கத்திலும் ஒரு புது நிலையம் என்று மனதுக்குள் ஒரு சுற்று ஓடியது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பஸ் எங்க நிக்குதோ அங்க இறங்குங்க" என்றேன்.

"அப்படின்னா?"

"கண்டக்டரைக் கேளுங்க. அவருக்குத் தெரியும்."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீங்க சென்னையிலதானே இருக்கீங்க?" என்று கேட்டார்.